நாலரை வருடம், 64,000 கிலோமீட்டர்: காட்டன் ஏர் ஃபில்டர் போட்டு ஓட்டிய அனுபவம்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு தினமும் காரில் வேலைக்குப் போய் வருகிறேன். அந்தப் பக்கம் போனவர்களுக்குச் சாலை எப்படி இருக்கும் என்று தெரியும். அரியலூரை நெருங்க நெருங்க சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும்தான். காலையில் துடைத்துவிட்டுக் கிளம்பும் வண்டி, சாயங்காலம் வெள்ளை பூசிக்கொண்டு வீடு திரும்பும்.

வண்டி 2013 மாடல் ஸ்விஃப்ட் டீசல். 1,248 சிசி டர்போ இன்ஜின். 2018 மார்ச்சில், 68,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, கழுவித் திரும்பப் போடும் காட்டன் ஏர் ஃபில்டர் ஒன்றை வாங்கினேன். ஏறக்குறைய 5,000 ரூபாய். கம்பெனி பேப்பர் ஃபில்டர் அப்போது 400 ரூபாய்க்குள் கிடைத்தது. "பிக்கப் ஏறும், மைலேஜ் கூடும், வாழ்நாளுக்கும் ஒன்றே போதும்" என்றார் கடைக்காரர். நம்பித்தான் வாங்கினேன்.

மாட்டிய அன்றே வித்தியாசம் தெரிந்தது. எனக்கு எதையும் நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. ஃபில்டர் மாற்றுவதற்கு முந்தின நாளும் மறுநாளும் விடியற்காலையில், திருமாந்துறை சுங்கச்சாவடி தாண்டி நான்குவழிச் சாலையில், தனியாக, நான்காவது கியரில் 50-லிருந்து 90 போக எவ்வளவு நேரம் ஆகிறது என்று எடுத்தேன். முன்பு 9.6 விநாடி, பிறகு 9.0 விநாடி. அவ்வளவு சந்தோஷம். பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன், இரண்டு பேர் வாங்கியும் போட்டார்கள்.

ஒரு விஷயத்தை நான் அப்போது யோசிக்கவில்லை. நான் கழற்றிப் போட்ட பேப்பர் ஃபில்டர் 25,000 கிலோமீட்டர் அரியலூர் தூசி குடித்தது. தட்டினால் மாவு மாதிரி கொட்டியது. அதன் இடத்தில் புதிதாக எதைப் போட்டிருந்தாலும் இன்ஜின் மூச்சு விட்டிருக்கும். நான் செய்திருக்க வேண்டிய ஒப்பீடு புதிய காட்டனுக்கும் புதிய பேப்பருக்கும் இடையில். அதை 2022 செப்டம்பரில்தான் செய்தேன். அதே சாலை, அதே நேரம், புதிய பேப்பர் ஃபில்டர்: 9.0, 9.1, 9.0.

மைலேஜும் அப்படித்தான். ஒரே பங்கில் டேங்க் நிரப்பி நிரப்பிக் கணக்குப் போட்டதில், முன்பு லிட்டருக்கு 20.1, காட்டனில் நாலரை வருட சராசரி 20.3, திரும்பப் பேப்பருக்கு வந்தபின் 20.2. டயர் காற்று கொஞ்சம் குறைந்தாலே இதைவிட அதிகம் மாறும்.

ஏன் கூடவில்லை என்று எங்கள் மெக்கானிக் அண்ணன்தான் முதலில் புரியவைத்தார். "தம்பி, டீசல் வண்டிக்குக் காத்து எப்பவுமே தேவைக்கு மேலதான் போகுது. பவர் வேணும்னா டீசல் கூடணும், அதை கம்ப்யூட்டர் முடிவு பண்ணுது" என்றார். அதுதான் உண்மை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்பது இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே எழுதியிருக்கிறது. நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று கொடுத்துவிட்டு சாப்பாட்டைக் கூட்டாமல் விட்டால் உடம்புக்கு என்ன பலம் வரும்? பெட்ரோல் வண்டியில் வேறு மாதிரி. பாதி மிதித்து ஓட்டும்போது காற்றை மறிப்பது, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடுதான். ஃபில்டர் கொடுக்கும் தடை அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. முழுக்க மிதித்தால்தான் ஃபில்டரின் பங்கு வெளியே வரும். அங்கேயும் கணக்குச் சின்னது. காற்றழுத்தம் சுமார் 100 கிலோபாஸ்கல். புதிய ஃபில்டர் ஒன்று மற்றொன்றைவிட ஒரு கிலோபாஸ்கல் தடையைக் குறைத்தாலும், கிடைப்பது சுமார் ஒரு சதவீதம்.

அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. எலக்ட்ரானிக் இன்ஜெக்ஷன் உள்ள பெட்ரோல் கார்களில் ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் மைலேஜ் சொல்லும்படி குறையவில்லை. ஆனால் புதிய ஃபில்டர் போட்டதும் வேகமெடுக்கும் நேரம் 6 முதல் 11 சதவீதம் வரை மேம்பட்டது. என் நோட்டில் இருக்கும் 9.6-ம் 9.0-ம் அதே கதைதான். பழைய கார்புரேட்டர் காரில் மட்டும் மைலேஜும் கொஞ்சம் கூடியது.

பலன் இல்லை என்பதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். 2021 தொடக்கத்தில் இரண்டாவது முறையாக ஃபில்டரைக் கழுவி, காயவைத்து, தூசியைப் பிடிப்பதற்கான எண்ணெய் தெளித்து மாட்டினேன். இரண்டு வாரத்தில் வண்டி இழுக்கவில்லை. ஒருநாள் லாரி ஒன்றை முந்தப் பாதி தூரம் ஏறிவிட்டேன், எதிரே பஸ் வருகிறது, மிதிக்கிறேன், வேகம் எடுக்கவே இல்லை. பிரேக் அடித்து லாரிக்குப் பின்னால் ஒதுங்கினேன். பக்கத்தில் என் மனைவி இருந்தாள். இன்றைக்கும் அந்த இடத்தைக் கடக்கும்போது கை கொஞ்சம் நடுங்கும்.

கழற்றிப் பார்த்தால், ஃபில்டருக்கு அடுத்து இருக்கும் காற்றளவு சென்சாரில் எண்ணெய்ப் படலம், அதன்மேல் தூசி அப்பியிருந்தது. அந்த சென்சாரில் சூடாக வைத்திருக்கும் மெல்லிய தகடு ஒன்று உண்டு. கடந்து போகும் காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்துத்தான் காற்றின் அளவு தெரியும். எண்ணெயும் தூசியும் போர்வை மாதிரி மூடிக்கொண்டால் காற்று குறைவு என்று கணக்குக் காட்டும், கம்ப்யூட்டரும் டீசலைக் குறைக்கும். அதற்கென்றே உள்ள ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்ததும் வண்டி பழையபடி ஓடியது. எண்ணெய் கொஞ்சம் கூடிப்போனது என் கையால்தான். ஆனால் கொஞ்சம் கூடினால் சென்சார், கொஞ்சம் குறைந்தால் தூசி என்கிற பொருளை வீட்டில் வைத்துப் பராமரிப்பது எல்லோருக்கும் ஆகிற காரியம் இல்லை.

அதன்பிறகும் ஏன் ஓட்டினேன் என்றால், போட்ட காசு. 2022-ல் ஃபில்டர் பெட்டியின் மேல் மூடிக்குள், அதாவது சுத்தமான காற்று மட்டும் இருக்க வேண்டிய பக்கத்தில், வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் மெல்லிய பொடி ஒட்டியது. அன்றைக்கு முடிவெடுத்தேன். சாலைத் தூசியில் இருக்கும் மணல்துகள் இரும்பைவிடக் கடினமானது. பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டரையும் அது உப்புக்காகிதம் போலத் தேய்க்கும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் டர்போ இறக்கைகளில் போய் மோதுவதும் அதே துகள்தான். பேப்பருக்கு மாறி 15,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே இடத்தைத் துடைத்தபோது துணி வெள்ளையாகவே இருந்தது.

என் மச்சானின் கார்புரேட்டர் பல்சரில் கதை வேறு. பெட்டியையே கழற்றிவிட்டுத் திறந்த கூம்பு ஃபில்டர் போட்டான். சத்தம் கூடியது, ஆனால் பெட்ரோல் கலவை மெலிந்து ஸ்பார்க் பிளக் வெளுத்துப்போனது. கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைப் பெரிதாக்கிய பிறகுதான் ஒழுங்காக ஓடியது. கூம்பு ஃபில்டர் கார்களில் இன்னொரு சிக்கல்: அது பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றை இழுக்கும். மூன்று டிகிரி சூடு ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் ஒரு சதவீதம் குறையும். நம் ஊர் மே மாதத்தில் அங்கே எவ்வளவு சூடு என்று கை வைத்துப் பார்த்தால் தெரியும்.

வண்டி இப்போது 1,75,000 தாண்டிவிட்டது. ஒவ்வொரு 15,000-க்கும் பேப்பர் ஃபில்டரை மாற்றுகிறேன், தூசியான சாலையில் ஓட்டினால் சீக்கிரம் மாற்று என்றுதான் மேனுவலும் சொல்கிறது. இடையில் தட்டி மட்டும் போடுவேன். கம்ப்ரஸர் காற்றைப் பக்கத்தில் வைத்து அடித்தால் பேப்பர் கிழியும், கிழிந்தது கண்ணுக்கும் தெரியாது. அப்புறம், புதிது மாட்டும்போது ஓரத்து ரப்பர் பெட்டியின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, கிளிப் எல்லாம் விழுந்திருக்கிறதா என்று விரலால் ஒருமுறை சுற்றித் தடவிப் பாருங்கள். அந்த இடத்தில் இடைவெளி இருந்தால் எந்த ஃபில்டர் போட்டும் பயனில்லை.