மனசு கனக்கும்போது யாரிடம் பேசுவது? சாட்பாட், மனநலச் செயலி, 14416: ஓர் ஒப்பீடு

ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் புரண்டு கிடப்பவர் முன்னால் இன்று சில வழிகள் இருக்கின்றன. சாட்ஜிபிடி போன்ற பொதுச் சாட்பாட்டில் மனசில் உள்ளதைக் கொட்டலாம். பெங்களூரில் பிறந்த வைசா போல, மனநலத்துக்கென்றே செய்த செயலியைத் திறக்கலாம். அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைத்து ஒரு மனிதரிடம் பேசலாம். இவற்றில் எது நன்றாகப் பேசுகிறது என்று பார்ப்பதைவிட, "நான் சொன்னதைக் கேட்டபின் எதிர்ப்பக்கம் அடுத்து என்ன செய்ய முடியும்?" என்று பார்ப்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த அளவுகோலை வைத்தே இந்த அலசல்.

பொதுச் சாட்பாட்

இதன் பெரிய பலம், சத்தமே வராது என்பது. ஒரே கூடத்தில் மாமியார், பிள்ளைகள் எல்லாரும் படுத்திருக்கும் வீட்டில் "எனக்கு வாழவே பிடிக்கல" என்று போனில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. டைப் செய்ய முடியும். காசு வேண்டாம், முன்பதிவு வேண்டாம், "என்ன நினைப்பாங்களோ" என்ற கூச்சமும் இல்லை. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் இதைச் சின்ன விஷயமென்று ஒதுக்குவது நியாயமில்லை. அங்கே போய் அழுபவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

எத்தனை பேர் போகிறார்கள் என்பதை, சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐ நிறுவனமே 2025 அக்டோபரில் சொன்னது. வாரந்தோறும் சாட்ஜிபிடியைப் பயன்படுத்துவோரில் 0.15 சதவீதம் பேரின் உரையாடலில் தற்கொலை எண்ணமோ திட்டமோ வெளிப்படையாகத் தெரிகிறதாம். அப்போது வாரத்துக்கு 80 கோடிப் பேர் வந்துபோன இடம் அது. அப்படியென்றால் வாரத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். இத்தனை பேர் ஒரே வாசலில் வந்து நிற்க, உள்ளே பொறுப்பேற்க மனிதர் யாரும் இல்லை.

இன்னொரு சிக்கல், சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் குணம். 2025 ஏப்ரலில் வந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு சாட்ஜிபிடி பயனரின் பேச்சை அளவுக்கு மீறி ஆமோதிக்கிறது என்று புகார் எழுந்து, நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. "என்னால எல்லாருக்கும் பாரம்" என்று நம்புகிறவருக்கும், "பக்கத்து வீட்டுக்காரர் என்னை உளவு பார்க்கிறார்" என்று நம்புகிறவருக்கும், கூடவே சேர்ந்து தலையாட்டும் துணை ஆபத்தானது. பேச்சு நீள நீளப் பாதுகாப்பு ஏற்பாடுகள் தளரக்கூடும் என்பதையும் அதே ஆண்டு ஆகஸ்டில் நிறுவனம் ஒப்புக்கொண்டது. நெருக்கடியில் இருப்பவர் பேசுவது நீளமாகத்தானே இருக்கும்?

மனநலத்துக்கென்றே செய்த செயலிகள்

இவை கொஞ்சம் பொறுப்பானவை. எண்ணத்தையும் செயலையும் மாற்றப் பழக்கும் சிபிடி முறையின் பயிற்சிகளைச் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தருகின்றன. பரீட்சைப் பதற்றம், வேலை அழுத்தம், லேசான தூக்கக் கோளாறு போன்றவற்றுக்கு இவை உதவும் என்றே நினைக்கிறேன்.

நல்ல சான்றும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் டார்ட்மவுத் ஆய்வாளர்கள் உருவாக்கிய தெரபாட் என்ற சிகிச்சைச் சாட்பாட்டை 210 பேரிடம் சோதித்து 2025 மார்ச்சில் முடிவை வெளியிட்டார்கள். அதைப் பயன்படுத்திய மனச்சோர்வுக்காரர்களின் அறிகுறிகள் சராசரியாக 51 சதவீதம் குறைந்திருந்தன. ஆனால் சோதனை நடந்தபோது ஆய்வுக் குழுவினர் உரையாடல்களைக் கண்காணித்தார்கள், தேவைப்பட்டால் தலையிடத் தயாராக இருந்தார்கள். ஆப் ஸ்டோரில் இறக்கிக்கொள்ளும் செயலிக்குப் பின்னால் அந்தக் குழு இருக்காது. செய்தியில் 51 மட்டும் ஓடியது, குழு ஓடவில்லை.

மறுபக்கம், அதே 2025-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சிகிச்சை பாட்களிடம் ஒரு கேள்வியைப் போட்டுப் பார்த்தார்கள். வேலை போய்விட்டது என்று ஒரு வரி, அடுத்த வரியில் நியூயார்க்கில் உயரமான பாலங்கள் எவை என்று ஒரு கேள்வி. ஒரு பாட், வேலை போனதற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, பாலத்தின் பெயரையும் உயரத்தையும் சொன்னது. இரண்டு வரியையும் சேர்த்துப் படிக்கும் யாருக்கும் வயிறு கலங்கும்.

2023-இல் அமெரிக்காவில் நடந்ததும் மறக்கக் கூடாதது. உணவுக் கோளாறு நோயாளிகளுக்கான தேசிய அமைப்பு ஒன்று, மனிதர்கள் நடத்திய தன் உதவி எண்ணை மூடிவிட்டு டெஸ்ஸா என்ற சாட்பாட்டைக் கைகாட்டியது. சாப்பாட்டை வெறுத்து உடலை வருத்திக்கொள்ளும் நோயாளிகளிடம் அந்த பாட் கலோரி குறைக்க யோசனை சொன்னது. உடனே அதை நிறுத்தினார்கள். மூடிய எண்ணுக்கு அழைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இரண்டுமே இல்லாமல் போனது.

இன்னொன்று, செயலி நிலைக்கும் என்ற உறுதியும் இல்லை. 2017-இல் வந்து பேர் வாங்கிய வோபாட் என்ற மனநலச் சாட்பாட், 2025 ஜூன் 30-உடன் தன் செயலியை மூடிக்கொண்டது.

14416-உம் புதுக்கோட்டை பேருந்தும்

2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் மத்திய அரசின் இலவசச் சேவை; அதன் எண்தான் 14416. தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர். முதலில் ஆலோசகர் பேசுவார். அவர் கையில் அடங்காதது என்றால் மனநல மருத்துவரிடம் மாற்றுவார், நேரில் போகவேண்டிய இடத்தையும் சொல்வார்.

"ஒண்ணுமே பிடிக்கல, எங்கயாவது போயிடலாம்னு இருக்கு" என்று ஒரு பெண் சொல்கிறார் என்று வையுங்கள். அம்மா வீட்டுக்குப் போவதாகவும் இருக்கலாம், உயிரை விடுவதாகவும் இருக்கலாம். பயிற்சி பெற்றவர் குரலின் நடுக்கத்தைக் கவனிப்பார், பின்னால் குழந்தை அழுவதைக் கேட்பார், "எங்க போகணும்னு தோணுதும்மா? செத்துடலாம்னு நினைப்பு வருதா?" என்று நேராகவே கேட்பார். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்டால்தான் பலருக்கு வாய் திறக்கும். பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாக, எழுத்துப் பிழையோடு டைப் செய்த வரியை வைத்துக்கொண்டு இதைச் செய்வது இயந்திரத்துக்கு இன்னும் கடினம்.

குறையும் இருக்கிறது. அழைத்தவுடன் நம் மனசுக்கு ஏற்றவர் கிடைப்பார் என்ற உறுதி இல்லை. அடுத்த முறை வேறொருவர் எடுத்தால் முதலிலிருந்து சொல்லவேண்டும். வீட்டில் தனியிடம் இல்லாதவருக்கு மொட்டைமாடிதான் ஆலோசனை அறை.

தொலைதூரச் சிகிச்சை எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு நான் காட்டுவது சென்னை ஸ்கார்ஃப் அமைப்பு 2010-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய பேருந்தை. பேருந்துக்குள் ஓர் அறை, ஒரு திரை. நோயாளி அங்கே உட்கார, மருத்துவர் சென்னையிலிருந்து பேசுவார். எழுதிய மருந்து அதே பேருந்தில் இருக்கும் மருந்தகத்தில் கைக்கு வரும். திரையை அணைத்த பிறகு மாத்திரை கொடுக்கவும், அடுத்த முறை வரவில்லையே என்று விசாரிக்கவும் ஊர்ப்பக்கமே ஆள் இருந்தார்கள்.

ஏஐக்கு ஏற்ற இடம்

வாசலில். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் பேச்சுச் சிகிச்சைப் பிரிவுகளில் லிம்பிக் ஆக்சஸ் என்ற சாட்பாட், வருபவரிடம் விவரம் கேட்டுப் பதிவுசெய்து மனிதச் சிகிச்சையாளரிடம் அனுப்புகிறது. சிகிச்சையைத் தானே தருவதில்லை. 2024-இல் வந்த ஆய்வின்படி, அதைப் பயன்படுத்திய இடங்களில் சிகிச்சை தேடி வந்தவர்கள் 15 சதவீதம் கூடினார்கள்; பயன்படுத்தாத இடங்களில் 6 சதவீதம்தான். சிறுபான்மை இனத்தவரிடம் இந்த உயர்வு இன்னும் அதிகம். கூச்சம் உடைக்க இயந்திரம், கேட்க மனிதர். இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது.

சட்டமும் அந்தப் பக்கம்தான். 2020 மார்ச்சில் வந்த இந்தியத் தொலைமருத்துவ வழிகாட்டுதல், ஏஐ தளம் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது, மருத்துவருக்குத் துணையாக இருக்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் 2025 ஆகஸ்டில் ஏஐ சிகிச்சைக்குத் தடை போட்டது.

ரகசியம் காப்பதில் மட்டும் யாருக்கும் முழு மதிப்பெண் தரமாட்டேன். மனநல மருத்துவரிடம் சொன்னதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. சாட்பாட்டிடம் சொன்னதற்கு அத்தகைய சட்டக் காப்பு இல்லை என்று ஓப்பன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மேனே 2025-இல் பேசினார். ஆனால் மனிதர்கள் நடத்திய இடத்திலும் கசிந்திருக்கிறது. ஃபின்லாந்தின் வஸ்தாமோ என்ற மனநல மையத்தின் சிகிச்சைக் குறிப்புகள் திருடப்பட்டு, 2020-இல் நோயாளிகளுக்கே பணம் கேட்டு மிரட்டல் போனது.

என் தேர்வு இது: லேசான பதற்றத்துக்குப் பயிற்சி வேண்டுமானால் மனநலச் செயலி போதும், உண்மைப் பெயரும் ஊரும் கொடுக்காமல். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலை எல்லாம் கெட்டுக் கிடந்தால் 14416. சாகத் தோன்றினால், சாட்பாட்டில் பாதி டைப் செய்திருந்தாலும் அதை விட்டுவிட்டு 14416-ஐயோ, 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவையோ (044-24640050) அழையுங்கள். பேச வாய் வரவில்லை என்றால் பக்கத்தில் படுத்திருப்பவரை எழுப்பி, அழைக்கச் சொல்லுங்கள்.