வியாழனின் நிலாக்களுக்குக் கிரகணம்: பைனாகுலரா, டெலஸ்கோப்பா?

வியாழனின் நிழலில் அதன் நிலாக்கள் மறைவதைப் பார்க்க பத்து மடங்கு பெருக்கும் 50 மி.மீ. பைனாகுலர் போதுமா? நிலாக்களில் ஒன்றான கானிமீடுக்குப் போதும், முக்காலியில் பூட்டியிருந்தால். கையில் பிடித்தால் புள்ளிகள் நடுங்கி, கிரகத்தின் கூசும் ஒளியில் கரைந்துவிடும். இன்னொரு நிலாவான கலிஸ்டோ சில ஆண்டுகள் நிழலைத் தொடாமலே தப்பிவிடும்.

அயோ என்ற நிலாவுக்கு டெலஸ்கோப்தான். 1.77 நாளுக்கு ஒரு முறை சுற்றுவதால் வாய்ப்பும் அதிகம். 114 மி.மீ. ஆடி, 900 மி.மீ. குவியத் தூரம், 10 மி.மீ. கண்வில்லை: 90 மடங்கு. மூன்று நான்கு நிமிடத்தில் அயோ மங்கி, ஊசிமுனையாகி, அணைந்துவிடும். நிலாவின் நிழல் மேகப்பட்டையில் கரும்புள்ளியாக ஊர்வதும் இதில் தெரியும். பைனாகுலரில் தெரியவே தெரியாது. பணம் இருந்தால் இதையே வாங்குங்கள்.

கிருஷ்ணகிரியில் கெடுப்பது வெளிச்சமல்ல, சூடு. வியாழன் ஓசூர் வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரியும். அஞ்செட்டிக் காட்டோரம் போக வேண்டியதில்லை. ஆனால் பகலெல்லாம் காய்ந்த பாறையும் மொட்டைமாடியும் இரவில் அனல் விடுவதால் பிம்பம் கொதிக்கும். மண்தரையில், அரை மணி நேரம் முன்பே டெலஸ்கோப்பை வெளியே வையுங்கள். தொப்பூர் கணவாய் வழியே குலுங்கி வந்திருந்தால் ஆடிகளின் நேர்க்கோட்டையும் சரிபாருங்கள்.

கிரகண அட்டவணையின் நேரம் உலக நேரத்தில் (UT) இருந்தால் 5.30 மணி கூட்டுங்கள், தேதி மாறலாம். வியாழன் எதிர்நிலைக்கு (வானில் சூரியனுக்கு நேர் எதிரே) வரும் முன் அயோ வியாழனுக்கு மேற்கே மறையும். எதிர்நிலை கடந்த பிறகு, நிழலிலிருந்து கிழக்கே வெளிப்படும். பைனாகுலரில் திசை நேர், இந்த டெலஸ்கோப்பில் தலைகீழ். குழாயை அசைக்காமல் விட்டால் கிரகம் நகர்ந்து வெளியேறும் பக்கமே மேற்கு.