1,850 டாலர் போச்சு: குட்டி நாயோடு ஃபெசன்ட் வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் படிக்கவும்

பக்கத்து மாநிலமான தெற்கு டகோட்டாவில் ஃபெசன்ட் (கோழி ஜாதியில் ஒரு நீளவால் பறவை) வேட்டைக்குப் போய் ஏமாந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இரவுதான் மினியாபோலிஸ் வந்து சேர்ந்தேன். இன்று செவ்வாய். ரெண்டு நாளாக ஆபீஸ் வேலை எதுவும் ஓடவில்லை, அதனால் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். 1,850 டாலர். நம்ம ஊர்க் கணக்கில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். கடைசியில் நாலு உபயோகமான டிப்ஸும் தருகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

"வேட்டையா, பாவம் இல்லையா" என்று கேட்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் கவுதாரிமேல் கை வைத்தால் 1972ஆம் வருட வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போவோம், போகவும் வேண்டும். தெற்கு டகோட்டா கதை வேறு. ஃபெசன்ட் அங்கே மாநிலப் பறவை, ஆனால் சீனாவிலிருந்து வந்த இனம், நூறு வருடத்துக்கு முன்பு கொண்டுவந்து விட்டதுதான் புல்வெளியிலும் சோளக்காட்டிலும் இப்படிப் பெருகியிருக்கிறது. சேவலை மட்டும்தான் சுடலாம், ஒரு ஆளுக்கு நாளைக்கு மூன்று, பெட்டையைத் தொடக்கூடாது. (செம்போத்துக்கு ஆங்கிலத்தில் க்ரோ ஃபெசன்ட் என்று படித்த ஞாபகத்தில் அப்பா போனில் "செம்போத்தையாடா சுடப்போறே" என்று கேட்டார். இல்லப்பா, இது வேற.)

எங்கள் நாய் பெயர் மணி. ஜெர்மன் ஷார்ட்ஹேர் பாயிண்டர், பதினோரு மாதம். பாயிண்டர் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், பறவை வாடை பட்டதும் ஒரு காலைத் தூக்கி, வாலை நேராக நிறுத்தி, கல் மாதிரி நிற்க வேண்டும், நாம் போய்ப் பறவையைக் கிளப்பும்வரை அசையக்கூடாது. அது பாதி ரத்தத்தில் வரும், மீதி நம் உழைப்பு. ஏழு மாதம் உழைத்தேன். வாரக்கடைசி எல்லாம் புறா வாங்கி, நீளக் கயிறு கட்டிப் பழக்கி, சத்தத்துக்குப் பயப்படக்கூடாது என்று சாப்பாட்டு நேரத்தில் தூரத்தில் பொம்மைத் துப்பாக்கி, அப்புறம் வெற்றுத் தோட்டா, அப்புறம் நூறு கஜம் தள்ளி 20 கேஜ் (குழல் சின்னது) துப்பாக்கி என்று படிப்படியாகக் கிட்டே கொண்டுவந்தேன். இதில் அவசரப்பட்டால் நாய் வெடிச்சத்தத்துக்கே மிரண்டுவிடும், சில நாய்கள் அப்புறம் திரும்புவதே இல்லை. என் மனைவி "பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க உனக்கு இவ்வளவு பொறுமை இருந்ததில்லை" என்றாள். உண்மைதான்.

முதல் பயணம் சரியாக அமைய வேண்டும் என்றுதான் பணம் கட்டிப் போனேன். இல்லாவிட்டால் அந்த மாநிலத்தில் பொது நிலம் எவ்வளவோ இருக்கிறது, தனியார் நிலத்திலேயே அரசு பணம் கொடுத்து எல்லோரையும் நடக்கவிடுகிற இடங்களும் இருக்கின்றன, வரைபடம் சும்மாவே கிடைக்கும். தெரிந்தும் போய் மாட்டிக்கொண்டேன். வேட்டைப் பயணங்களைப் பட்டியல் போட்டு விற்கிற ஒரு இணையதளம், அதில் அபர்டீன் என்ற ஊர்ப் பக்கம், தங்க இடமும் வேட்டைக்கு வயலும் தருகிற ஒரு லாட்ஜ். "முழுக்கக் காட்டுப் பறவைகள், உங்கள் நாய், நீங்கள் மட்டும், தனி வயல், இரண்டு நாள்." 1,850 டாலர்.

நான் எங்கே விழுந்தேன் என்று சொல்கிறேன். போன் செய்தபோது லாட்ஜ் நடத்துகிற அந்த ஆள் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் கேள்வியே நாய்க்கு என்ன வயது என்பதுதான். துப்பாக்கிச் சத்தம் பழக்கியிருக்கிறாயா, எத்தனை புறா காட்டியிருக்கிறாய், கயிறு இல்லாமல் எவ்வளவு தூரம் ஓடும். அப்புறம் சொன்னார், "குட்டி நாயை நாலு துப்பாக்கிக்கு நடுவில் விடவே கூடாது, உனக்குத் தனியாக ஒரு வயல் ஒதுக்குகிறேன், முதல் பறவைக்கு ஒரே ஒரு வெடிதான், நாய் பாயிண்ட் நின்றால் மட்டும் சுடு, இல்லாவிட்டால் விட்டுவிடு." நான் ஏழு மாதமாகப் படித்ததெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தது. இறந்துபோன தன் பழைய நாயின் படம் ஒன்றையும் அனுப்பினார், முகமெல்லாம் நரைத்து, வாயில் சேவலோடு. நாயைப் பற்றி இப்படிப் பேசுகிற மனிதன் ஏமாற்ற மாட்டான் என்று நினைத்தேன். கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம், வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பிவிடு என்றார். அன்று இரவே அனுப்பினேன், முழு 1,850 டாலரையும்.

வெள்ளிக்கிழமை 12ஆம் நம்பர் நெடுஞ்சாலையில் ஐந்து மணி நேரம் ஓட்டி, இருட்டின பிறகு போய்ச் சேர்ந்தேன். காலை எட்டரைக்குத் தயாராக இருக்கச் சொன்னார்கள். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். காட்டு ஃபெசன்ட் வேட்டை காலை பத்து மணிக்கு முன்னால் தொடங்கக்கூடாது என்பது அந்த மாநில விதி. எட்டரைக்குச் சுட முடிகிற இடம் என்றால் அது பண்ணையில் வளர்த்த பறவையைக் கொண்டுவந்து விட்டுச் சுடுகிற இடம், பிரிசர்வ் என்பார்கள். கேட்டேன். "ஆமாம், இந்த வயல் பிரிசர்வ், அதற்குத் தனி லைசன்ஸ், இங்கேயே எடுத்துக்கலாம்" என்று இயந்திரத்தை நீட்டினார்கள். வெளிமாநிலக்காரனுக்கான சாதாரண லைசன்ஸை நான் ஏற்கெனவே காசு கொடுத்து எடுத்துவைத்திருந்தேன். பணத்தைக் கட்டியாயிற்று, இவ்வளவு தூரம் வந்தாயிற்று என்று அதையும் எடுத்தேன். முட்டாள்தனம்.

தனி வயலும் இல்லை. ஆறு பேர் கொண்ட ஒரு கூட்டத்தோடு என்னை வரிசையில் நிறுத்தினார்கள், எல்லார் கையிலும் 12 கேஜ், என்னுடைய 20 கேஜைவிடப் பெரிய குழல். மணி உள்ளே போன இரண்டாவது நிமிடம் பாயிண்ட் நின்றான். அவ்வளவு அழகாக. நான் கிட்டே போகிறேன், பறவை கிளம்பவே இல்லை. காட்டுச் சேவல் நிற்காது, ஓடும், இல்லாவிட்டால் காது கிழிகிற மாதிரி கத்திக்கொண்டு எழும்பும். இது கோழி மாதிரி புல்லுக்குள் உட்கார்ந்திருந்தது. மணி பொறுத்துப் பார்த்துவிட்டுப் பாய்ந்து வாயால் பிடித்துவிட்டான். இன்னொன்றும் அப்படியே. பாயிண்டருக்கு இதைவிடக் கெட்ட பாடம் இல்லை, நிற்கத் தேவையில்லை, பாய்ந்தால் கிடைக்கும் என்று ஒரே காலையில் கற்றுக்கொண்டுவிட்டான்.

அவன் வாயிலிருந்து வாங்கிய சேவலை அப்படியே திருப்பிப் பார்த்தேன். நீளமாக, முழுசாக இருக்க வேண்டிய வால் இறகு முனை பிய்ந்து துடைப்பம் மாதிரி இருந்தது. அலகுக்கு மேலே மூக்கில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஒரு ஓட்டை. பண்ணையில் நெருக்கியடித்து வளர்க்கும்போது ஒன்றையொன்று கொத்தாமல் இருக்க மூக்கில் குத்தி மாட்டுகிற பிளாஸ்டிக் மறைப்பு, அது போட்ட ஓட்டை. இதுதான் 1,850 டாலரின் காட்டுப் பறவை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்து மூன்று சேவல் ஒன்றாக எழும்பியது, ஏழெட்டு வெடி ஒரே நேரத்தில், மணி எல்லாருக்கும் முன்னால். வாலைக் கால்களுக்கு நடுவில் சொருகிக்கொண்டு நேராக வண்டிக்கு ஓடினான். அடியில் போய்ப் படுத்தவனை நானே ஊர்ந்துபோய் இழுத்தேன், அவ்வளவு நேரமும் நடுங்கிக்கொண்டே இருந்தான்.

இதுவரை 'அவர்' போட்டு எழுதினேன், இனி வரவில்லை. அன்று மதியம் அந்த ஆளிடம் கேட்டேன். "காற்று சரியில்லை, அதான் பறவை உட்கார்ந்துவிட்டது" என்றான். மூக்கு ஓட்டையைக் காட்டினேன். "பக்கத்துப் பண்ணையிலிருந்து தப்பி வந்திருக்கும்." எல்லாமுமா தப்பி வந்தது? "உன் நாய்க்குத் துணிச்சல் கம்மி, அதற்கு நான் என்ன செய்ய." போனில் அத்தனை கேள்வி கேட்ட அதே வாய்.

இரண்டாவது நாள் நான் போகவில்லை. பாதிப் பணமாவது கொடு என்றதற்கு, பணம் விஷயமெல்லாம் இணையதளத்தில் பேசு என்றான். இணையதளத்தில் சாட்டில் வந்த பெண், நாங்கள் வெறும் பட்டியல்தான் போடுகிறோம், பணம் எங்கள் வழியாக வரவில்லையே, லாட்ஜில் பேசுங்கள் என்றாள். லாட்ஜுக்கு மறுபடி அடித்தால் குரல் பெட்டி. வங்கியில் "நீங்களே அனுமதித்து அனுப்பிய பணம் சார்" என்று முடித்துக்கொண்டார்கள். நேற்று ஒரு மின்னஞ்சல் வந்தது, அடுத்த வருடம் வந்தால் பத்து சதவீதம் தள்ளுபடியாம். 1,850 டாலரை விழுங்கிவிட்டு அடுத்த வருடமும் வரச் சொல்கிறான்!

சரி, டிப்ஸ் என்று சொன்னேன் இல்லையா. நிறைய எழுத நினைத்தேன், இப்போது மனசில்லை. கார்டைத் தவிர வேறு எதிலும் பணம் அனுப்பாதீர்கள், கூடுதல் கட்டணம் என்றால் கட்டித் தொலையுங்கள். எந்த லைசன்ஸ் எடுக்க வேண்டும், காலையில் எத்தனை மணிக்குத் தொடங்குவோம், இந்த இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள், பிரிசர்வா இல்லையா என்பது அதிலேயே தெரிந்துவிடும். வரிசையில் எத்தனை துப்பாக்கி என்றும் கேளுங்கள், உங்களுடையதைத் தவிர இன்னொன்று இருந்தாலே குட்டி நாயைக் கயிற்றைவிட்டு அவிழ்க்காதீர்கள். அவ்வளவுதான்.

சீசன் ஜனவரி 31 வரை இருக்கிறது. என் லைசன்ஸ் பத்து நாளுக்கானது, ஐந்து ஐந்தாக இரண்டு தடவை போகலாம், இரண்டாவது ஐந்து நாள் அப்படியே மிச்சம். பொது நிலத்துக்குத் தனியாகப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று இரவு குக்கர் முதல் விசில் அடித்தது, மணி சோஃபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான், சாப்பாட்டுத் தட்டைத் தட்டிக் கூப்பிட்டும் வரவில்லை.