மதம் மாறிய தாத்தாவும் பேரனும்

பிரான்சின் நான்காம் ஹென்றி, அவருடைய மகள் வயிற்றுப் பேரன் இங்கிலாந்தின் இரண்டாம் ஜேம்ஸ். இருவரும் புராட்டஸ்டண்டாக வளர்ந்து கத்தோலிக்கரானவர்கள்.

ஹென்றி 1593இல் மாறியது அரியணைக்காக என்பது ஊரறிந்த விஷயம். கத்தோலிக்கப் பாரிஸ் அதுவரை அவருக்குக் கதவு திறக்கவில்லை. மறு ஆண்டே திறந்தது. சரி, பழைய புராட்டஸ்டண்ட் கூட்டாளிகளைக் கைவிட்டாரா? அதுதான் இல்லை. 1598இல் நாண்ட் ஆணை மூலம் அவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்தார், பாதுகாப்புக்குக் கோட்டை நகரங்களையும் விட்டுவைத்தார். அப்படியும் 1610இல் ஒரு கத்தோலிக்க வெறியன் அவரைக் குத்திக் கொன்றான்.

ஜேம்ஸ் மாறியது மனப்பூர்வமாக. நேர்மையில் இவர்தான் ஒரு படி மேல், சாமர்த்தியம்தான் போதவில்லை. 1688இல் அவருக்குக் கத்தோலிக்க வாரிசு பிறந்ததும் புராட்டஸ்டண்ட் இங்கிலாந்தில் எதிர்ப்பு முற்றியது. மருமகன் வில்லியம் படையோடு வந்திறங்க, ஜேம்ஸ் பிரான்சுக்கு ஓடினார். அங்கே அடைக்கலம் தந்த பதினான்காம் லூயியும் ஹென்றியின் பேரன்தான். 1685இல் நாண்ட் ஆணையை ரத்து செய்தவர்.