ஆக்சிஜன் சென்சார்: கழட்டிட்டு வெல்டிங்கா, கழட்டாமலேயா?

சைலன்சர் பைப்ல ஓட்டை விழுந்து வெல்டிங்குக்கு வண்டிய விட்டா மொதல்ல வர்ற கேள்வி இதுதான், ஏன்னா புகையில எவ்வளவு ஆக்சிஜன் இருக்குன்னு பாக்குற இந்த சென்சார் அந்த பைப்லயே தான் மாட்டியிருக்கும்.

கழட்டாம விட்டா வேலை சீக்கிரம் முடியும், அதான் நிறைய பட்டறையில இப்படியே அடிச்சிடுறாங்க. வெல்டிங் பின்னாடி மஃப்ளர் பக்கம், சென்சார்லருந்து நல்லா தள்ளினா எனக்கும் இது ஓகே, ஆனா பேட்டரி நெகட்டிவ கழட்டணும், சென்சார் கனெக்டர உருவணும், எர்த் கிளாம்ப வெல்டு அடிக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே மாட்டணும், எங்கயோ சேசிஸ்ல மாட்டினா கரண்ட் எந்த வழியா போகும்னு சொல்ல முடியாது. வயர் சூடான பைப்ல படாம கட்டியும் வைக்கணும். என் வண்டிக்கு இத பண்ணாம விட்டு, வயர் உருகி, வீடு வந்து சேர்றதுக்குள்ள செக் என்ஜின் லைட்டு!

கழட்டுறது பாதுகாப்பு, ஆனா துரு புடிச்சிருந்தா உயிர் போயிடும். சென்சாரோட நட்டு அளவு பெரும்பாலும் 22 எம்எம், வயர் நுழையுற மாதிரி பக்கத்துல வெட்டு விட்ட சாக்கெட் வேணும். இன்ஜின கொஞ்சம் ஓடவிட்டு சூடாக்கினா மரை லேசா இளகும். உள்ள இருக்குறது செராமிக்கு, கீழ போட்டா வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள விரிசல் விட்டிருக்கும். திரும்ப மாட்டும்போது ஆன்டி சீஸ் (மரை இறுகிப் புடிக்காம இருக்கப் போடுற பேஸ்ட்டு) மரையில மட்டும், முனையில பட்டுச்சுன்னா சென்சார் காலி. ஜாயின்ட்ல சாதாரண சிலிக்கான் பேஸ்ட்டும் போடவிடாதீங்க, அதோட ஆவியே சென்சார கெடுத்துடும்.

சென்சார் கிட்டயோ கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகைய சுத்தப்படுத்துற டப்பா) பக்கமோ வெல்டிங்னா யோசிக்கவே வேணாம், கழட்டிடுங்க.