டிஓபி-க்கு மாற்று: சோயாவா, ஆமணக்கா?

பிவிசி இயல்பிலேயே விறைப்பான பொருள். வீட்டுத் தண்ணீர்க் குழாயே சாட்சி. அதே பிவிசி தோட்டத்து ஹோஸாகவும் ரெக்சினாகவும் வளைகிறதென்றால், உள்ளே கலந்திருக்கும் இளக்கி எண்ணெய்தான் காரணம். பல்லாண்டுகளாக அந்த வேலையைச் செய்வது பெட்ரோலியத்திலிருந்து வரும் டிஓபி. 100 கிலோ ரெசினுக்கு, அதாவது எதுவும் கலக்காத பிவிசி-க்கு, 40, 50 கிலோ சேர்ப்பது சாதாரணம். விலை குறைவு, ரெசினோடு சட்டென்று கலந்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், அது ரெசினோடு வேதிப்பிணைப்பு கொள்வதில்லை. மெல்ல மெல்ல வெளியேறும். இனப்பெருக்க மண்டலத்தைப் பாதிக்கும் என்பதால், பொம்மைகளில் அது 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005-லும் அமெரிக்கா 2008-லும் சட்டம் போட்டன.

சரி, சோயா? சமையல் சோயா எண்ணெயை அப்படியே ஊற்றினால் ரெசினோடு சேராது. ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு அதன் இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிஜன் சேர்ந்த சிறு வளையங்களாக (எபாக்சி) மாற்ற வேண்டும். இந்த வளையங்கள்தான் அதன் பலம். சூட்டில் பிவிசி விடும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை அவை பிடித்துக்கொள்ளும். டிஓபி-யால் இது முடியாது. ஆனால் டிஓபி-யின் இடம் முழுவதையும் சோயாவிடம் கொடுத்தால், நாளடைவில் எண்ணெய் மேலே கசிந்து பிசுபிசுக்கும். துணை இளக்கியாகக் கொஞ்சம் சேர்ப்பதே சரி.

தாவர எண்ணெய் என்பதற்காக அது வெளியேறாது என்று நம்பவும் கூடாது. கண்ணாடி பாட்டில் மூடியின் உட்புற பிவிசி வளையத்திலிருந்து எண்ணெய்ப் பண்டங்களுக்குள் அது இறங்குகிறது. அதனால்தான் ஐரோப்பாவில் ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராம், குழந்தை உணவுக்கு 30 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

என் ஓட்டு ஆமணக்குக்கு. ஹைட்ரஜனேற்றிய ஆமணக்கெண்ணெயிலிருந்து அசிட்டைல் சேர்த்துச் செய்யும் இளக்கி, தனியாகவே டிஓபி-யின் இடத்தில் நிற்கும். உணவு எண்ணெயோடு போட்டியும் இல்லை. உலகிலேயே ஆமணக்கு அதிகம் விளைவது இந்தியாவில், அதிலும் பெரும்பங்கு குஜராத்தில். விலைதான் இடிக்கிறது. ஹோஸுக்கு அந்தச் செலவு கட்டாது. குழந்தை வாயில் வைக்கும் பொம்மைக்குக் கணக்குப் பார்க்கவே கூடாது.

ரத்தப் பைதான் கடினமான இடம். பையிலிருந்து கசியும் டிஓபி சிவப்பணுக்களின் சவ்வைச் சிதையாமல் காக்கிறது. அங்கே எதை மாற்றினாலும், சேமித்த அணுக்கள் எத்தனை நாள் தாங்குகின்றன என்பதை முதலில் சோதித்தாக வேண்டும்.