ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் உள்ளரங்கக் கால்பந்துக் கூடம்: 1,02,800 சதுர அடியும் 3 கோடி டாலரும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் நகரில் உள்ள ஜார்ஜியா பல்கலைக்கழகம் தன் அமெரிக்கக் கால்பந்து (பந்தைக் கையில் ஏந்தியும் ஓடும் ஆட்டம்) அணிக்காக 2017ஆம் ஆண்டு திறந்த உள்ளரங்கப் பயிற்சிக் கூடத்தின் பரப்பளவு 1,02,800 சதுர அடி. செலவு 3 கோடியே 2 லட்சம் டாலர். பார்வையாளர்களுக்காகக் கட்டப்படாத, ஒரு டிக்கெட் கூட விற்காத கட்டடத்துக்கு இவ்வளவு பெரிய தொகையா என்ற கேள்வி நியாயமானது. பரப்பளவு தேவைக்கு மிஞ்சியதல்ல என்பதும், விலை கூடுதலானாலும் காரணமுள்ளது என்பதும் என் மதிப்பீடு. ஆனால் இத்தகைய கூடங்களை எடைபோட எல்லோரும் முதலில் கையிலெடுக்கும் சதுர அடிக் கணக்கு, உண்மையில் மிகக் குறைவாகவே சொல்கிறது.

அமெரிக்கக் கால்பந்தின் முழு ஆடுகளம், இரு முனைகளிலும் உள்ள பத்து கஜ எல்லைப் பகுதிகளையும் சேர்த்து, 360 அடி நீளமும் 160 அடி அகலமும் கொண்டது. அதாவது கோடுகளுக்குள் இருக்கும் இடம் மட்டுமே 57,600 சதுர அடி. முழு வேகத்தில் ஓடிவரும் ஆட்டக்காரர் கோட்டைத் தாண்டியதும் சுவரில் மோதக் கூடாது என்பதால் நான்கு பக்கமும் 20 அடி இடைவெளி விட்டால், கூடம் 400 அடிக்கு 200 அடி ஆகி, பரப்பளவு 80,000 சதுர அடியைத் தொட்டுவிடுகிறது. முழுக் களத்தை உள்ளடக்கும் எந்தக் கூடமும் இதற்குக் கீழே அதிகம் இறங்க முடியாது. ஜார்ஜியாவிடம் இருப்பது இதைவிட ஏறத்தாழ 23,000 சதுர அடி கூடுதல். அந்தக் கூடுதல் இடத்தில்தான் ஓட்டப் பந்தயத் தடங்களும், தாண்டுதல் போட்டிகளுக்கான வசதியும், பேஸ்பால், சாஃப்ட்பால் அணிகள் மட்டை வீசிப் பழகும் வலைக் கூண்டுகளும் பயன்பாட்டுக்கு வருகின்றன. ஆகவே அது ஆடம்பரமாக வீணடிக்கப்பட்ட இடமன்று. கால்பந்து அணி வெளியே பயிற்சி செய்யும் நாள்களிலும் கூடம் பூட்டிக் கிடக்காமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

பரப்பளவைவிட முக்கியமானது உயரம். பன்ட் எனப்படும் உயர உதையைப் பாருங்கள். நன்கு உதைக்கப்பட்ட பந்து ஏறத்தாழ நான்கரை நொடி காற்றில் நிற்கும். அதில் பாதி மேலே ஏறும் நேரம், பாதி இறங்கும் நேரம். காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தால், இரண்டேகால் நொடி ஏறும் பந்து, கால் தொட்ட இடத்திலிருந்து எண்பது அடிக்கும் சற்று மேலே போய்த்தான் திரும்பும். விளக்குகளும் கூரைச் சட்டங்களும் 65 அடி உயரத்தில் தொங்கும் கூடத்தில் நான்கு நொடி நிற்கும் பந்தே அவற்றை உரசிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் உதைப்பவர், தன்னை அறியாமலே கூரைக்கு அஞ்சித் தாழ உதைக்கப் பழகிவிடுகிறார். பந்தைப் பிடிக்க நிற்பவரும் ஆட்டத்தில் வரப்போகும் உண்மையான உயரத்தைப் பார்க்காமலே பயிற்சியை முடிக்கிறார். இவ்வளவு பரந்த இடத்தின் மேல், நடுவில் ஒரு தூணும் இன்றி, அந்த உயரத்தில் கூரையை நிறுத்துவதற்குத்தான் பணம் கரைகிறது. தரையை அகலப்படுத்துவது அதோடு ஒப்பிட்டால் எளிய வேலை.

வட மாநிலங்களில் இத்தகைய கூடத்தின் தேவையைப் பனிக்காலமே சொல்லிவிடும். தெற்கே உள்ள ஜார்ஜியாவுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இடியையும் வெயிலையும் மறந்துவிடுகிறார்கள். இடி கேட்டால், கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் கழித்தே ஆட்டக்காரர்கள் வெளியே திரும்பலாம் என்பது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் பின்பற்றப்படும் பாதுகாப்பு நெறி. நடுவில் இன்னொரு இடி கேட்டால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகஸ்டு மாதப் பயிற்சி முகாமில் மாலை இடிமழை வாடிக்கையான ஒன்று. ஆட்டப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் கட்டாயப் பயிற்சி தரக் கூடாது என்று தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் விதித்திருப்பதால், பயிற்சித் திட்டம் நிமிட வாரியாக வகுக்கப்படுகிறது. பக்கத்திலேயே கூரை இருந்தால் அணி ஐந்து நிமிடத்தில் உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இந்தக் கூடம் வருவதற்கு முன், முழுக் களம் தேவைப்பட்ட சில வேளைகளில், ஃபிளவரி பிராஞ்ச் ஊரில் உள்ள அட்லாண்டா ஃபால்கன்ஸ் என்ற தொழில்முறை அணியின் உள்ளரங்குக்குப் பேருந்தில் போய்வர வேண்டியிருந்தது. அந்த அலைச்சலோடு ஒப்பிடும்போது, அணியின் அலுவலகங்கள் இருக்கும் பட்ஸ்-மியர் கட்டடத்தை ஒட்டியே கூடம் அமைந்திருப்பதுதான் இதன் மிகப் பெரிய பலம்.

இனி விலை. ஜார்ஜியாவின் கூடத்துக்குச் சதுர அடிக்கு ஏறத்தாழ 294 டாலர் ஆகியிருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகம் 2009இல் திறந்த அல் கிளிக் கூடம் 1,04,000 சதுர அடி, 2 கோடியே 61 லட்சம் டாலர். சதுர அடிக்குச் சுமார் 251. கிளெம்சன் பல்கலைக்கழகம் 2013 வாக்கில் கட்டிய கூடம் சுமார் 80,000 சதுர அடி, சுமார் ஒரு கோடி டாலர். சதுர அடிக்கு 125 அளவிலேயே முடிந்துவிட்டது. கட்டிய ஆண்டு, நிலத்தின் அமைப்பு, சுவரும் கூரையும் எதனால் ஆனவை என்பவை எல்லாம் இந்த வேறுபாட்டுக்குள் அடங்கும் என்றாலும், ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கால்பந்துப் பயிற்சி மட்டுமே நோக்கமாக இருந்தால் கிளெம்சன் வழியே போதும். ஜார்ஜியா கொடுத்த கூடுதல் தொகை மற்ற விளையாட்டுகளுக்கும் வளாகத்தின் நடுவே நிற்கும் கட்டடத்தின் தோற்றத்துக்கும் சேர்ந்தது.

செலவைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. டெக்சஸ் மாநிலத்தின் இர்விங்கில், டாலஸ் கவ்பாய்ஸ் என்ற தொழில்முறை அணியின் பயிற்சிக் கூடம், எஃகுச் சட்டத்தின் மேல் துணிப்படலம் போர்த்தி அமைக்கப்பட்டது, 2009 மே 2 அன்று புயற்காற்றில் சரிந்து 12 பேர் காயமடைந்தனர். காற்றின் வேகம் மணிக்கு 55 முதல் 65 மைல் வரைதான் இருந்தது என்றும், வடிவமைப்பு நெறி கேட்ட 90 மைலுக்கு அது மிகவும் குறைவு என்றும் அரசின் தொழில்நுட்ப ஆய்வு பின்னர் கண்டறிந்தது. உள்ளே நூறு இளைஞர்களை நிறுத்தும் கட்டடத்தில் மலிவை மட்டுமே பார்ப்பவர்கள் அந்த ஆய்வறிக்கையை ஒருமுறை படித்துவிட வேண்டும்.

கூடம் தாங்கும் பெயர், இரண்டு தலைமுறைகளாக ஜார்ஜியாவுக்கு ஆடிய தந்தையும் மகனுமான போர்ட்டர் ஓட்டிஸ் பெய்ன், வில்லியம் போர்ட்டர் பெய்ன் ஆகியோருடையது. மகன்தான் 1996 அட்லாண்டா ஒலிம்பிக் அமைப்புக் குழுவின் தலைவர். பொருத்தமான பெயர்தான். ஆனால் 2021, 2022 பருவங்களில் அணி அடுத்தடுத்து வென்ற தேசியப் பட்டங்களை இந்தக் கூடத்தின் கணக்கில் எழுதுவது எனக்கு ஏற்புடையதல்ல. முதல் பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தில் தோற்ற அலபாமாவிடமும் உள்ளரங்கு இருந்தது.

உண்மையில் பெருந்தொகை போவது களத்துக்கல்ல, அதன் பக்கத்து அறைகளுக்கு. பட்ஸ்-மியர் கட்டடத்தை விரிவாக்கி உடை மாற்றும் அறை, எடைப் பயிற்சிக் கூடம், சிகிச்சைப் பகுதி ஆகியவற்றைப் புதிதாக்க ஜார்ஜியா 2021 வரை செலவிட்டது 8 கோடி டாலர்; முழு ஆடுகளத்தையே மூடிய கட்டடத்தைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் மிச்சிகன் ஏரிக்கரையில், கண்ணாடிச் சுவர் வழியே ஏரி தெரியும்படி 2018இல் திறந்த வளாகத்துக்கு ஆன செலவோ 27 கோடி டாலர். அங்கும் ஆட்டக்காரர் ஓடும் களத்தின் அளவு அதேதான்.

2025-26 கல்வியாண்டில் ஒரு பல்கலைக்கழகம் தன் விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாக ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிர்ந்தளிக்கலாம் என்று நீதிமன்ற உடன்படிக்கை வழிசெய்தது. ஜார்ஜியாவின் கூடத்துக்கு ஆன தொகை அந்த உச்சவரம்பின்படி ஒன்றரை ஆண்டுக்கான பங்கு. புதிய கூடம் கட்டத் திட்டமிடும் பல்கலைக்கழகங்கள் இந்தக் கணக்கை முன்வைத்தே முடிவெடுக்க வேண்டியிருக்கும். அப்போது உயரத்திலும் கோட்டுக்கு வெளியே உள்ள இடைவெளியிலும் கைவைக்காமல், அலங்கார அறைகளில் குறைத்துக்கொள்வதே ஆட்டக்காரர்களுக்கு நன்மை செய்யும் சிக்கனம்.